ஏடு

மூன்றாவது தடவையும் தோற்றேன்.
உலான்பாத்தர் கடையில் வாங்கிய பெட்டி கிரீம்
இரவெல்லாம் ஓவனில் கிடந்துவிட்டு
சுவரொட்டிப் பசையாக வெளியே வந்தது.
ஒன்பது மாதம் கெடாது என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.
கெடத் தெரியாத பாலுக்கு
திரளவும் தெரியாது போல.

லவ்டே என் பெயர். கார்ன்வால்காரி.
கிளெமென்ட் டெவன்காரன்.
இரண்டுக்கும் நடுவே டேமர் என்று ஓர் ஆறு.
ஆற்றுக்கு எங்கள் கரையில் ஸ்கோன் மேல் முதலில் ஜாம்,
அவர்கள் கரையில் முதலில் கிரீம்.
பத்தொன்பது வருஷத்தில்
பணத்துக்காக நாங்கள் சண்டை போட்டதில்லை,
அவன் அம்மாவுக்காகக்கூட இல்லை.
இதற்குப் போட்டிருக்கிறோம்,
விருந்தாளிகள் எதிரில், வெண்ணெய்க் கத்தியை நீட்டிக்கொண்டு.

இங்கே செம்புச் சுரங்கத்தில் அவனுக்கு வேலை.
பதினான்கு நாள் பூமிக்குள், பதினான்கு நாள் வீட்டில்.
வீட்டில் இருக்கும்போதும் பூமிக்குள்தான்.
உப்பு போதுமா?
ம்.
வெளியே மைனஸ் முப்பதாம்.
ம்.
ஒரு குளிர்காலத்தை
ஒரே எழுத்தில் ஓட்டினோம்.

ஊர் ஞாபகம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.
பொய்.
எனக்கு அந்தச் சண்டை வேண்டியிருந்தது.

சாவி வாங்க வந்த டிரைவர் சுலூன்
தட்டில் விரல் வைத்து நக்கினான்.
பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
'பாலை எதற்குப் பூட்டி வைத்துச் சுடுகிறீர்கள்?
நீங்கள் தேடுவது உரும்.
என் மச்சினி வீட்டில் தினமும் அதுதான்.'

ஜூலையில் போனோம். எட்டு மணி நேரம்,
அதில் பாதிக்குச் சாலையே கிடையாது.
கிளெமென்ட் ஜன்னல் பக்கம்.

துலாம்சுரேன் நிமிர்ந்து பார்க்கவில்லை, கை வேலையாக இருந்தது.
வட்டக் கூடாரத்தின் நடுவே இரும்புச் சட்டி,
சடை விழுந்த யாக்குகளின் பால்.
அகப்பையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினாள்,
தூக்கி ஊற்றினாள், தூக்கி
நுரை விளிம்பைத் தொட்டதும் நிறுத்தினாள்.
எரியும் வறட்டிகளை ஒதுக்கினாள்.
இனி என்ன செய்ய வேண்டும் என்றேன்.
சுலூன் கேட்டுச் சொன்னான்:
'இனித் தூங்க வேண்டுமாம்.'

விடிந்தபோது பால் ஆடை உடுத்தியிருந்தது.
தடித்து, மஞ்சளாக,
அம்மை ஆறிய கன்னம் போலக் குழி குழியாக.
விளிம்பில் கத்தியை ஒரு சுற்று ஓட்டி
அடியில் குச்சியைச் செருகித் தூக்கி
பாதி படித்த ஏட்டை மூடுகிறவள் மாதிரி
இரண்டாக மடித்தாள்.
ஓரத்தில் கிள்ளி நாக்கில் வைத்தேன்.
கொஞ்சம் புகை, கொஞ்சம் காட்டுப்பூண்டு.
அதுவல்ல.
அதன் அக்கா.

டப்பாவில் கொண்டுபோன ஸ்கோன்கள் பாதி தூளாகியிருந்தன.
ஸ்ட்ராபெரி ஜாம், ஊரிலிருந்து வந்த கடைசி பாட்டில்.
ஆரஞ்சு வண்ணம் பூசிய குட்டை மேசையில் பரப்பினேன்.
கிளெமென்ட் பார்த்தான்.
கத்தியை எடுத்தான்.
மெதுவாக, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே,
முதலில் ஏடு.

'என்ன அது, சுவருக்குச் சுண்ணாம்பா?' என்றேன்.
'பாலாடை வெண்ணெய்க்குச் சமம்.
வெண்ணெயை ஜாமுக்கு மேலா பூசுவாய், மூளை கெட்டவளே?'
ஒன்பது சொற்கள். எண்ணினேன்.

என்ன தகராறு என்று துலாம்சுரேன் கேட்டாள்.
சுலூன் இரண்டு கையாலும் நெடுநேரம் விளக்கினான்,
ஆற்றைக்கூட வரைந்து காட்டினான்.
அவள் ஸ்கோனை ஓரமாகத் தள்ளினாள்.
மடித்த ஏட்டைத் திறந்து
உள்ளே ஒரு கரண்டி ஜாமை வைத்து மூடி
கடித்துக்கொண்டே எழுந்து
கறக்கப் போய்விட்டாள்.
கிண்ணத்தில் உப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில், மூன்றாவது ஓடையைத் தாண்டியதும்,
'கிரீம்தான் அடியில் இருந்தது, பார்த்தாயா' என்றான்.
'மேலேயும் அதுதான் இருந்தது' என்றேன்.
'அடியில் இருப்பதுதான் கணக்கு.'
'யார் கணக்கு?'
சுலூன் ரேடியோவைப் போட்டான்.
நாங்கள் அதைவிடச் சத்தமாகப் பேசினோம்.